ஏட்டோடு சென்ற ஆசிரியர்: தொலைவழிக் கல்வியின் வரலாறும் கொங்கு மண்ணின் பாடமும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, உடுமலை, மேட்டுப்பாளையம் என நம் மக்கள் வாழும் ஊர்களின் பல இல்லங்களில் ஒரே பேச்சு எழுகிறது. மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள்; கல்லூரியோ இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவில் இருக்கிறது. மகனுக்குப் படிக்க ஆசை. அத்தாவின் கடையில் அவனும் நின்றால்தான் குடும்பம் நடக்கும். இறுதியில் யாரேனும் ஒருவர், "ஆன்லைனிலேயே படிக்கட்டுமே" என்கிறார். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

அந்தத் தீர்வு சில பிள்ளைகளுக்கு வாழ்வையே திறந்துவிடுகிறது. வேறு சிலருக்கோ மூன்று ஆண்டுகளையும் கட்டணத்தையும் விழுங்கிக்கொண்டு ஒரு தாளை மட்டும் கையில் தருகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? ஆசிரியரைவிட்டு விலகியிருந்து கற்கும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் முன்னோர்களுக்கும் சிறப்பான பங்கு உண்டு. அதனைத் திரும்பிப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஏடும் ஓதுநரும்

மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் திருக்குர்ஆன் பிரதிகளை எழுதச் செய்து, கூஃபா, பஸ்ரா, ஷாம் உள்ளிட்ட பெருநகரங்களுக்கு அனுப்பிவைத்ததை அனைவரும் அறிவோம். கிராஅத் கலை அறிஞர்கள் அதனோடு இன்னொரு செய்தியையும் பதிவு செய்துள்ளனர். அப்பிரதிகள் தனியே செல்லவில்லை. அவற்றை ஓதிக் கற்பிக்கத் தக்க ஒருவரும் உடன் இருந்தார். கூஃபாவின் பிரதியோடு அவ்வாறு குறிப்பிடப்படுபவர் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அவர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து அரபு எழுத்தில் இன்றுள்ள புள்ளிகளும் உயிர்க்குறிகளும் இல்லை. எழுத்து தூரத்தைக் கடந்து சென்றுவிடும். ஆனால் அதனைச் சரியாக ஓதும் முறை ஆசிரியரின் நாவிலிருந்தே மாணவரின் செவிக்குச் சேர வேண்டியிருந்தது. ஏடு போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. ஆசிரியர் நேரில் வர இயலாத ஊருக்கு ஏடே வேண்டாம் என்றும் விட்டுவிடவில்லை. ஏட்டோடு ஆசிரியரையும் அனுப்பினார்கள்.

எட்டுப் படிகள்

பின்வந்த ஹதீஸ் கலை அறிஞர்கள் இதே சிக்கலை மிக நுட்பமாக ஆராய்ந்தனர். ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்தது புகழ்பெற்ற நிகழ்வு. அறிவைத் தேடிச் செல்லும் அப்பயணத்திற்கு 'ரிஹ்லா' என்று பெயர். ஆயினும் எல்லோராலும் ஒரு மாதம் பயணம் செய்ய இயலாது. எனவே தொலைவிலிருந்து பெறும் கல்விக்கும் அவர்கள் இடம் வகுத்தனர். ஆசிரியர்கள் தம் கல்வியை எழுதி வெளியூர்களுக்கு அனுப்புவது குறித்து இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பின் கல்வி பற்றிய பகுதியில் தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள்.

ஹிஜ்ரி 643 (கி.பி. 1245) ஆம் ஆண்டில் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், கல்வியைப் பெறும் வழிகளை எட்டாக வகைப்படுத்தினார்கள். ஆசிரியர் சொல்ல மாணவர் நேரில் கேட்பது 'ஸமாஉ'. அது முதல் படி. மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டுத் திருத்துவது இரண்டாவது. அறிவிப்பதற்கு ஆசிரியர் வழங்கும் அனுமதியான 'இஜாஸத்' மூன்றாவது. தொலைவில் உள்ள மாணவருக்கு எழுதி அனுப்பும் 'முகாதபா' ஐந்தாவது. ஆசிரியருடன் எவ்விதத் தொடர்பும் இன்றி, கையில் கிடைத்த ஏட்டைப் படித்தறியும் 'விஜாதா' எட்டாவது, கடைசிப் படி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர்களது நேர்மை. கடிதவழிக் கல்வியை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. அதே வேளையில் அதனை நேரில் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் அனுமதிக்கவில்லை. எவ்வழியில் பெற்றாரோ அவ்வழியைக் குறிக்கும் சொல்லால்தான் அறிவிக்க வேண்டும். சான்று கற்றலை முந்திக்கொண்ட இடங்களையும் அவர்கள் கண்டனர். விவரம் அறியாக் குழந்தைகளுக்கும், பெயர் குறிப்பிடாமல் எல்லோருக்கும் பொதுவாகவும் இஜாஸத் வழங்கும் வழக்கம் பரவியபோது அது செல்லுமா என்று கடுமையான விவாதம் எழுந்தது. சான்றிதழ் விற்பனை குறித்து இன்று எழும் கவலை புதியதன்று.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். தொலைவழிக் கல்வி பெண்களுக்கும் நேர்வழிக் கல்வி ஆண்களுக்கும் என்று அவர்கள் பிரித்துவைக்கவில்லை. மர்வ் நகரைப் பூர்வீகமாகக் கொண்ட கரீமா (ரஹ்) அவர்கள் மக்காவில் ஸஹீஹுல் புகாரீயைக் கற்பித்த பேராசிரியை. பாக்தாதின் பேரறிஞர் கதீப் அல்பாக்தாதீ (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜுக்கு வந்தபோது அந்நூலை அவரிடம் நேரில் ஓதிப் பாடம் கேட்டார்கள்.

வீட்டுக்குள் வந்த அரபுத்தமிழ்

தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களிலும் இத்தகைய கல்வி வேரூன்றியிருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ், மதரஸாவுக்குச் செல்ல வாய்ப்பில்லாத பெண்களுக்கு மார்க்கச் சட்டங்களைக் கொண்டுசேர்த்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வாசிக்கப்பட்டன. தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றிய சட்டங்களைப் பெண்கள் தம் வீட்டு முற்றத்திலேயே கற்றனர்.

அங்கும் ஏடு தனியே இல்லை. குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார், எழுத்தை அவர் அறிமுகப்படுத்தினார், பிழையைத் திருத்தினார். அவ்வடித்தளத்தின் மீதே வீட்டு வாசிப்பு எழுந்தது.

அஞ்சலும் வானொலியும்

ஐரோப்பாவில் இம்முறை அஞ்சலோடு வளர்ந்தது. 1840இல் இங்கிலாந்தில் குறைந்த கட்டணத்தில் அஞ்சல் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல்வழிக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் பயிற்சியை எழுதி அனுப்புவார். அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். திருத்தித் தரும் அந்தக் கைதான் அம்முறையின் உயிர். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளில் பயிலாதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழிசெய்தது.

இந்தியாவில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வழியில் சென்றன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறந்தன. கொங்கு மண்ணில் 1982இல் உருவான பாரதியார் பல்கலைக்கழகமும் பின்னர் தொலைமுறைக் கல்வியை நடத்தியது. ஆலைத் தொழிலாளியும், கடைக் கணக்கரும், திருமணமாகிக் குழந்தை பெற்ற பெண்ணும் பட்டம் பெற்றது இவ்வழியில்தான். அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள்.

பட்டம் சாராத பயிற்சிக்கும் தமிழகத்தில் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. 1960களில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல் வகையின் சாகுபடி முறையைத் தஞ்சைப் பகுதி உழவர்கள் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பின் வாயிலாக அறிந்துகொண்டனர். அந்நெல்லுக்கே மக்கள் 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டனர். மாலையில் கேட்டதை மறுநாள் காலையில் தம் வயலிலேயே செய்து பார்க்க உழவர்களால் முடிந்தது. ஐயம் தோன்றினால் ஊருக்கு வரும் வேளாண் அலுவலரைக் கேட்கவும் முடிந்தது. குரல் தொலைவிலிருந்து வந்தது. மண்ணும் ஆளும் அருகில் இருந்தன.

பட்டறை கற்றுத்தந்த பாடம்

கொங்கு நாட்டின் செல்வம் கைத்திறனில் விளைந்தது. நூற்பாலைகள், வார்ப்படச் சாலைகள், லேத்துப் பட்டறைகள், பம்பு செட்டு உற்பத்தி, திருப்பூரின் பனியன் தொழில் ஆகிய அனைத்தும் ஒருவர் அருகில் நின்று மற்றொருவர் கற்றுக்கொண்ட தொழில்கள்.

தொழிற்பயிற்சியின் கால அளவு குறித்து இந்த மண்ணில் புகழ்பெற்ற விவாதம் ஒன்று நிகழ்ந்தது. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜி.டி. நாயுடு, 1945இல் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். அதுவே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. உரிய முறையில் பயிற்றுவித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவரது உறுதியான கருத்து. அரசு அதனை ஏற்காததால் அவர் விலகிக்கொண்டார்.

இணையவழிக் குறுகிய காலப் படிப்புகளை ஆதரிப்போர் இன்று நாயுடுவைத் துணைக்கு அழைக்கக்கூடும். ஆனால் அவர் குறைக்க விரும்பியது ஏட்டில் கழியும் காலத்தை. இயந்திரத்தின் முன் நிற்கும் காலத்தை அன்று. இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவை நாடு பின்னர் கண்டது. அனுமதியின்றி அஞ்சல்வழியில் பொறியியல் பட்டங்கள் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மீதான வழக்கில், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றுள் ஒன்று நம் சேலத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் மீண்டும் தேர்வெழுத வேண்டியதாயிற்று. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாதவை ஆயின. அப்பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்றும் பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை ஆகியவற்றின் பட்டப் படிப்புகளைத் தொலைமுறையிலோ இணையவழியிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கவில்லை.

திரைக்கு வந்த வகுப்பறை

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், உயர்ந்த பேராசிரியர்களின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் காணச் செய்தது. 2017இல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. 2020 ஜூனில் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகியவற்றில் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. இதற்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு கட்டாயமன்று, சில வாரப் பாடங்களைப் பயின்று அதற்கான தகுதித் தேர்வில் வென்றால் சேரலாம். பாடங்கள் திரையில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்திற்கு நேரில் சென்றே எழுத வேண்டும். இடையில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ பெறலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கோட்டைமேட்டுச் சந்தில் வசிக்கும் ஒரு மாணவிக்கு, வீட்டை விட்டுப் பெயராமலே இக்கதவு திறந்திருக்கிறது. இது எளிய செய்தி அன்று.

இதே காலத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. விரும்பியோரும் விரும்பாதோரும் திரைக்கு முன் அமர்த்தப்பட்டனர். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜி.பி. இணைய வசதியைத் தமிழக அரசு இலவசமாக வழங்கியது. எனினும் இணையம் கிடைத்த இடத்திலும் தனி அறையில்லை; ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. தங்கை அடுப்படி வேலைக்கு நடுவே வகுப்பைக் கேட்டாள். ஆய்வகம் இல்லை, பணிமனை இல்லை. கேமராவை அணைத்துவிட்டு உறங்கிய மாணவரையும், கேள்வி கேட்கத் தயங்கிய மாணவரையும் ஆசிரியரால் வேறுபடுத்தி அறிய இயலவில்லை.

நன்மையும் குறையும்

இவ்வரலாற்றை வைத்துத் தராசைப் பிடிப்போம். நன்மைகள் தெளிவானவை. உழைத்துக்கொண்டே படிக்கலாம். விடுதிச் செலவும் பயணச் செலவும் இல்லை. புரியாத பாடத்தைப் பத்து முறை கேட்கலாம். ஊரில் கிடைக்காத ஆசிரியர் கிடைக்கிறார். திருமணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் நின்றுபோன படிப்பை நாற்பது வயதிலும் தொடரலாம். உரிய அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் இணையவழிப் பட்டங்கள் நேர்வழிப் பட்டங்களுக்கு நிகரானவை என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியுள்ளது.

குறைகளும் தெளிவானவை. தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். உடன் பயிலும் நட்பும், நூலகமும், மேடைப் பேச்சும், நிறுவனங்கள் வளாகத்திற்கே வந்து வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் திரையில் அரிதாகவே கிடைக்கின்றன. கைத்தொழிலை அது தனித்துக் கற்பிக்காது. அங்கீகாரச் சிக்கல் ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அடிப்படைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டத்தை 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தமிழகத்தின் பழம்பெரும் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைமுறைப் படிப்புகளுக்கு 2014–15க்குப் பின் அங்கீகாரம் இல்லை என 2022 மார்ச்சில் மானியக் குழு எச்சரித்தது. பெரிய பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் நான்கு செய்திகளை உறுதிசெய்துகொள்வது கடமை.

ஒன்று: அந்தப் பல்கலைக்கழகத்திற்கு மட்டுமன்றி, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும், அந்தக் குறிப்பிட்ட கல்வியாண்டுக்கும் அங்கீகாரம் உள்ளதா என்பதை மானியக் குழுவின் தொலைமுறைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். முகவரின் வாய்ச்சொல் போதாது.

இரண்டு: பிள்ளையின் பயிற்சியைத் திருத்தித் தருபவர் யார்? ஐயம் கேட்டால் விடை தருபவர் யார்? இதற்கு விடை இல்லையெனில் அது எட்டாம் படியான விஜாதா. கட்டணம் மட்டும் முதல் படிக்குரியது.

மூன்று: கைத்திறன் வேண்டிய துறையெனில் பட்டறை எங்கே? கணினி வரைகலையையும் கணக்கியலையும் திரையில் பெருமளவு கற்கலாம். லேத்தையும், மோட்டார் காயில் கட்டுவதையும், ஆடை வெட்டுதலையும் கற்க ஐ.டி.ஐ.யும் தொழிற்பழகுநர் பயிற்சியும் உள்ளன. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. பட்டறையில் பழகிக்கொண்டே அதன் கணிதத்தையும் வரைபடத்தையும் இணையத்தில் கற்பவரே நாளை முன்னேறுவார்.

நான்கு: வீட்டில் அப்பிள்ளைக்கென ஒரு மூலையும், தொந்தரவில்லாத இரண்டு மணி நேரமும் தர இயலுமா? அவற்றைத் தராமல் கைபேசியை மட்டும் தருவது கல்வி தருவதாகாது.

மகள்களைப் பற்றி ஒரு சொல்

இறுதியாக, மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நம் குடும்பங்களில் இணையவழிக் கல்வி மகனுக்குப் பெரும்பாலும் கூடுதல் வாய்ப்பாக வருகிறது. மகளுக்கோ பல இடங்களில் கல்லூரிக்கு மாற்றாக வருகிறது. சேர்த்துவிட்டோம் என்ற நிம்மதி பெற்றோருக்குக் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு வரன் வருகிறது, படிப்பு நிற்கிறது, அதை எவரும் ஒரு இழப்பாகக் கணக்கில் எழுதுவதில்லை.

கோவையில் பெண்களுக்கென்றே நிர்மலா கல்லூரி 1948 முதலும், அவினாசிலிங்கம் நிறுவனம் 1957 முதலும், கிருஷ்ணம்மாள் கல்லூரி 1963 முதலும் உள்ளன. பாதுகாப்பு, பர்தா, பயணம் ஆகியவை உண்மையான அக்கறைகள். அவற்றைக் கேலி செய்வது தகாது. ஆனால் ஒரே தெருவிலிருந்து நான்கு மாணவியர் சேர்ந்து ஒரு வாகனம் அமர்த்திக்கொள்ளலாம். ஜமாஅத் முன்வந்தால் அச்செலவைப் பகிரலாம். வழி இருக்கும்போதே மகளை இறுதிப் படியில் அமர்த்துவது, கரீமா (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் பெருமையாகப் பேசும் சமுதாயத்திற்கு அழகன்று.

உண்மையிலேயே வழியில்லாத இல்லங்களும் உண்டு. நோயுற்ற தாய், வருமானம் இழந்த தந்தை, கைக்குழந்தை என அவர்களது நிலை வேறு. அவர்களுக்குத் திரை ஒரு ரஹ்மத். அங்கே சமுதாயத்தின் கடமை ஏட்டோடு ஆளையும் அனுப்புவது. ஒவ்வொரு மஹல்லாவிலும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் மதரஸாக் கட்டடத்தின் ஓர் அறையைத் திறந்துவைத்து, இணையவழியில் பயிலும் மாணவ மாணவியருக்குத் தனித்தனி நேரம் ஒதுக்கி, ஐயம் தீர்க்கவும் தேர்வுக்கு ஆயத்தம் செய்யவும் ஒருவர் அமர்ந்தால் போதும். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மாணவிகளுக்குப் பெண் பட்டதாரிகளே வழிகாட்டலாம்.

எழுத்து எவ்வளவு தொலைவும் செல்லும். அதனைத் திறந்து காட்ட அருகில் ஒருவர் இருந்த இடத்திலெல்லாம் தொலைவழிக் கல்வி பலன் தந்திருக்கிறது. அந்த ஒருவராக நம் ஊரில் நாம் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.